காற்றுப் பிடிப்பும் இல்லை, காற்று கருப்பும் இல்லை: பீதித் தாக்கு பற்றி ஓர் எளிய விளக்கம்

"தங்கச்சி, ராத்திரி நெஞ்சில் காற்று அடைத்துக்கொண்டது. மூச்சு விட முடியவில்லை, கை காலெல்லாம் நடுங்கி வியர்த்துக் கொட்டிவிட்டது. நல்ல மருந்தாகப் பார்த்துக் கொடும்மா."

மலேசியாவில் ஈப்போவுக்கு அருகே சுங்கை சிப்புட்டில் மருந்தகம் வைத்திருக்கும் எனக்கு இந்தப் பேச்சு பழகிப்போனது. செம்பனைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகும் அக்காமார், தொழிற்சாலை பஸ்ஸில் ஈப்போ பக்கம் போய்வரும் பெண்கள், ஓய்வுபெற்ற மண்டோர் (தோட்டத்து மேற்பார்வையாளர்) என்று யார் வந்தாலும் கேட்பது ஒரு புட்டி தைலமும் ஓர் அட்டை வாயு மாத்திரையும்தான். அதே வீட்டில் மாமியாருக்கு வேறு கருத்து இருக்கும்: மருமகள் உச்சி வேளையில் ஆற்றோரம் போனாள், எதுவோ தொட்டுவிட்டது, முனீஸ்வரர் கோயிலில் கயிறு மந்திரித்துக் கட்ட வேண்டும். கைப்பேசியில் படித்துவிட்டு வரும் மகன், "அம்மாவுக்கு பேனிக் அட்டாக்" என்பான். அவன் சொல்வது சரியாகவே இருந்தாலும் வீட்டில் யாரும் நம்புவதில்லை. எஸ்.பி.எம். பள்ளித் தேர்வு முடிவுக்குக் காத்திருந்தபோதும், பந்தாட்டம் பெனால்டிக்குப் போனபோதும் அவனுக்கும் அதே பேனிக் அட்டாக் வந்ததாகச் சொல்லியிருந்தானே!

பெரியவர்கள் அதை நோயாகவே எண்ணுவதில்லை. இளையவர்கள் சாதாரணப் படபடப்புக்கெல்லாம் நோயின் பெயரைச் சூட்டிவிடுகிறார்கள். நடுவில், உண்மையிலேயே அவதிப்படுகிறவர் தனியாக நிற்கிறார். அவருக்காகவும் அவர் வீட்டாருக்காகவும் இதை எழுதுகிறேன்.

பயம், பதற்றம், பீதித் தாக்கு

செம்பனை மரத்தடியில் உதிரிப் பழம் பொறுக்கக் குனிகிறீர்கள். கைக்கு எட்டும் தூரத்தில் ஒரு நாகம் படமெடுக்கிறது. அந்தக் கணத்தில் உடம்பு அதிர்வது பயம். ஆபத்து கண்ணெதிரே இருக்கிறது. அது விலகிப் போனால் பயமும் போய்விடும்.

தோட்டத்தை விற்கப் போகிறார்களாம், லயத்து வீடுகளை, அதாவது தோட்டத் தொழிலாளர் வரிசை வீடுகளை, காலி செய்யச் சொல்வார்களாம் என்று காலைப் பெரட்டில், வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்தில், பேச்சு அடிபடுகிறது. அன்றிரவு தூக்கம் வரவில்லை. கழுத்தும் தோளும் இறுகிக் கிடக்கின்றன. சோறு இறங்கவில்லை. இது பதற்றம். ஆபத்து இன்னும் வரவில்லை, வருமா என்றும் தெரியாது. மனம் மட்டும் முன்கூட்டியே அங்கே போய் உட்கார்ந்துகொள்கிறது. கொஞ்சம் பதற்றம் இல்லாமல் யாரும் தேர்வுக்குப் படிப்பதில்லை, கடனையும் கட்டுவதில்லை. ஆனால் பிள்ளையின் படிப்பு முதல் குழாயில் தண்ணீர் வருமா என்பது வரை எல்லாவற்றையும் பற்றிக் கவலை, அதுவும் பெரும்பாலான நாட்களில், 6 மாதத்துக்கு மேலாக, நிறுத்த நினைத்தாலும் நிறுத்த முடியாமல் ஓடிக்கொண்டிருந்தால் மருத்துவர்கள் அதைப் பொதுப் பதற்ற நோய் என்கிறார்கள்.

பேனிக் அட்டாக் என்னும் பீதித் தாக்கு இந்த இரண்டிலிருந்தும் வேறுபட்டது. அது சட்டென்று எழும், சில நிமிடங்களில் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். பெரும்பாலும் 20, 30 நிமிடங்களில் அடங்கிவிடும். களைப்பு மட்டும் அதற்குப் பிறகும் மணிக்கணக்கில் நிற்கலாம். மருத்துவர்கள் கையில் வைத்திருக்கும் பட்டியலில் 13 அறிகுறிகள் இருக்கின்றன: நெஞ்சு படபடப்பு, வியர்வை, நடுக்கம், மூச்சுத் திணறல், தொண்டை அடைப்பு, நெஞ்சு வலி, குமட்டல், தலைச்சுற்றல், உடம்பு சில்லிடுவது அல்லது கொதிப்பது, விரல்கள் மரத்துப்போவது, சுற்றியுள்ளதெல்லாம் நிஜமில்லாதது போலத் தோன்றுவது, புத்தி பேதலித்துவிடுமோ என்ற அச்சம், செத்துவிடுவோம் என்ற அச்சம். இவற்றில் குறைந்தது 4 ஒன்றாகத் திரண்டு வந்தால் அது பீதித் தாக்கு. காரணம் எதுவும் இல்லாமலே வரும், டிவி பார்த்துக்கொண்டிருக்கும்போதும் வரும், ஆழ்ந்த தூக்கத்திலிருந்து உலுக்கி எழுப்பியும் வரும்.

இதுவரை சொன்னதன் சுருக்கம்: இருக்கும் ஆபத்துக்குப் பயம், வரப்போவதாக எண்ணும் ஆபத்துக்குப் பதற்றம், ஆபத்தே இல்லாதபோதும் உடம்பு முழு வேகத்தில் கிளம்பிவிடுவது பீதித் தாக்கு. பெனால்டி உதைக்குப் படபடத்தது மூன்றாவது வகையில் சேராது.

வாசலில் படுத்திருக்கும் நாய்

லயத்து வாசலில் ஒரு நாய் படுத்திருக்கிறது. திருடன் வந்தால் குரைக்கும், காற்றில் மட்டை விழுந்தாலும் குரைக்கும். நின்று யோசித்து, ஆளை விசாரித்துவிட்டுக் குரைக்கும் நாய் காவலுக்கு ஆகாது. பத்து முறை வீணாகக் குரைத்தாலும் பரவாயில்லை, பதினோராவது முறை வரும் திருடனைத் தவறவிடக் கூடாது. அதன் வேலை அதுதான்.

நம் தலைக்குள்ளும் அப்படி ஒரு காவல் இருக்கிறது. இரண்டு பொட்டுகளுக்கும் உள்ளே, ஆழத்தில், பக்கத்துக்கு ஒன்றாக பாதாம் பருப்பு வடிவத்தில் உள்ள அமிக்டலா என்ற பகுதி அந்தக் காவலில் முக்கியப் பங்கு வகிக்கிறது. ஆபத்து என்று பட்டவுடன் அது குரல் கொடுக்கும். சிறுநீரகங்களின் மேல் அமர்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் உடனே அட்ரினலினை ரத்தத்தில் கொட்டும். அட்ரினலின் என்பது உடம்பை நொடியில் ஓட்டத்துக்குத் தயார்ப்படுத்தும் சுரப்பு. இதயம் வேகமெடுப்பது தொடைக்கும் தோளுக்கும் ரத்தம் அனுப்ப. மூச்சு வேகமெடுப்பது தசைக்குப் பிராணவாயு சேர்க்க. வியர்ப்பது ஓடப்போகும் உடம்பைக் குளிர்விக்க. ஓடும் நேரத்தில் செரிமானம் எதற்கு என்று குடல் வேலையை நிறுத்திக்கொள்வதால்தான் வயிற்றைப் பிசைகிறது. வால்டர் கேனன் என்ற அமெரிக்க உடலியலாளர் 1915-இல் இதை விளக்கினார். 'போராடு அல்லது ஓடு' என்று இன்று பாடநூல்கள் குறிப்பிடும் எதிர்வினை இதுதான்.

நாகத்தைக் கண்டு ஓடியவருக்கும் இதே படபடப்பு இருந்தது, இதே மூச்சு வாங்கியது. ஓடிக்கொண்டிருந்ததால் அவர் அதைக் கவனிக்கவில்லை. பீதித் தாக்கு வந்தவரோ நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார். ஓடுவதற்குச் சேர்த்த வேகமெல்லாம் செலவாகாமல் உள்ளேயே நின்று அவரை உலுக்குகிறது. எதிரே பாம்பு இல்லை என்பதால் அவர் கண் தன் உடம்பின் பக்கம் திரும்புகிறது. ஆபத்து அங்கேதான் இருக்கிறது, இதயம்தான் போகிறது என்று எண்ணிவிடுகிறார். இந்த எண்ணமே அடுத்த குரைப்புக்குக் காரணமாகிறது. அட்ரினலின் இன்னும் கொட்டுகிறது, இதயம் இன்னும் துள்ளுகிறது. டேவிட் கிளார்க் என்ற பிரிட்டிஷ் உளவியலாளர் 1986-இல் இந்த வளையத்தைத் தெளிவாக எடுத்துக்காட்டினார். உடம்பில் தோன்றும் சாதாரண உணர்வை உயிராபத்து என்று தவறாகப் படிப்பதுதான் பீதியின் அச்சு என்பது அவர் கருத்து. இன்றைய சிகிச்சையில் பெரும்பகுதி அதன் மேல்தான் நிற்கிறது.

ஏன் சிலருடைய நாய் மட்டும் அதிகம் குரைக்கிறது? ஒற்றைப் பதில் கிடையாது. குடும்பவழி வரும் இயல்பு உண்டு. நாள்பட்ட பணக் கவலை, வேலை இழப்பு, சாவு வீடு, தூக்கமின்மை எல்லாம் சேரும். பெரும்பாலும் பதின்பருவக் கடைசியிலிருந்து முப்பதுகளின் நடுவுக்குள் தொடங்கும். ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய இரு மடங்கு காணப்படும். மனவலிமைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1871-இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் வீரர்களைப் பரிசோதித்து எழுதிய மருத்துவர் ஜேக்கப் டா கோஸ்டா, இதயத்தில் கோளாறு எதுவும் தெரியாமலே நெஞ்சு படபடத்து மூச்சு வாங்கியவர்களைப் பற்றிப் பதிவு செய்திருக்கிறார். துப்பாக்கி பிடித்த ஆண்கள் அவர்கள். 'பொம்பளைகளுக்கு வரும் வியாதி' என்று கடையில் நின்று சிரிக்கும் அண்ணன்மாருக்கு இதைச் சொல்வது உண்டு.

விரல்கள் ஏன் கோணிக்கொள்கின்றன?

அதிகம் தவறாகப் புரிந்துகொள்ளப்படும் இடம் இது. எனவே சற்று நின்று பார்ப்போம்.

தாக்கு வந்தவர், "மூச்சு போதவில்லை" என்று சொல்லிக்கொண்டே வேகவேகமாக மூச்சை இழுப்பார். உண்மையில் அவர் உடம்பில் பிராணவாயுவுக்குக் குறைவில்லை. விரலில் கருவி மாட்டிப் பார்த்தால் அளவு சரியாக இருக்கும். குறைவது கரியமில வாயு. அது வெறும் கழிவு என்று பள்ளியில் படித்திருப்போம், ஆனால் ரத்தத்தில் அதற்கென்று ஓர் அளவு இருந்தாக வேண்டும். வேகமாக மூச்சு விடும்போது அது அளவுக்கு மீறி வெளியேறுகிறது. மூளைக்குப் போகும் ரத்தக் குழாய்கள் அதனால் சுருங்குகின்றன, தலை கிறுகிறுக்கிறது. ரத்தத்தின் காரத்தன்மை ஏறி, தசைகளும் நரம்புகளும் பயன்படுத்தும் கால்சியம் தற்காலிகமாகக் குறைகிறது. உதட்டைச் சுற்றியும் விரல் நுனிகளிலும் எறும்பு ஊர்கிறது. இன்னும் மிஞ்சிப்போனால் கட்டைவிரல் உள்ளே மடங்கி, மற்ற விரல்கள் ஒட்டிக்கொண்டு, மணிக்கட்டு வளைந்து நிற்கும்.

இந்தக் கோணிய கையைப் பார்த்துத்தான் பாதி வீடுகளில் பக்கவாதம் என்று அழுகிறார்கள், மீதி வீடுகளில் வேப்பிலையைத் தேடுகிறார்கள். மூச்சு நிதானத்துக்கு வந்ததும் விரல்கள் தானே விரியும். அந்த நேரத்தில் திருநீறு பூசியிருந்தால் திருநீற்றுக்கும், தைலம் தடவியிருந்தால் தைலத்துக்கும், வாயு மாத்திரை போட்டிருந்தால் எனக்கும் நல்ல பெயர்! தானாக இறங்கும் ஒன்றுக்கு அருகில் எது இருந்ததோ அது மருந்தாகிவிடுகிறது. திருநீறு பூசுவதில் எனக்கு எந்த எதிர்ப்பும் இல்லை, என் கல்லாவுக்கு மேலும் ஒரு கிண்ணம் இருக்கிறது. பூசியதோடு விஷயம் முடிந்துவிட்டது என்று மாதக்கணக்கில் இருந்துவிடுவதுதான் கெடுதல்.

காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். வந்தது ஆஸ்துமாவாகவோ இதயக் கோளாறாகவோ இருந்தால் உள்ள பிராணவாயுவையும் அது குறைத்துவிடும்.

மாரடைப்பாக இருந்தால்?

இருக்கலாம். அதனால்தான் முதல் தாக்கை வீட்டிலேயே 'பேனிக்' என்று முத்திரை குத்தக் கூடாது. தேசியச் சுகாதார ஆய்வுகளில் நீரிழிவு விகிதம் மிக அதிகம் காணப்படுவது நம் இந்தியர்களிடம்தான். நீரிழிவு உள்ளவருக்கு மாரடைப்பு வழக்கமான வலி இல்லாமல் வெறும் மூச்சிரைப்பாகவும் வியர்வையாகவும்கூட வரும். நெஞ்சை யாரோ அழுத்துவது போல இருந்தால், வலி இடது கைக்கோ தாடைக்கோ முதுகுக்கோ பரவினால், மேட்டில் ஏறும்போதோ குலை சுமக்கும்போதோ வந்தால், மயக்கம் போட்டால், வயது 40-ஐக் கடந்து சர்க்கரையோ ரத்த அழுத்தமோ இருந்தால் யோசிக்காமல் 999-ஐ அழையுங்கள். இசிஜி எடுத்து ஒன்றுமில்லை என்று திரும்பி வருவதில் எந்த அவமானமும் இல்லை.

மருந்தாளராக நான் முதலில் கேட்பது இரண்டே கேள்வி. சர்க்கரை மாத்திரை போட்டீர்களா? சாப்பிட்டீர்களா? கிளிக்லசைடு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொண்டு, வெறும் கோப்பி ஓ குடித்துவிட்டு விடியற்காலையில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ரத்தச் சர்க்கரை லிட்டருக்கு 4 மில்லிமோலுக்குக் கீழே இறங்கும். நடுக்கம், வியர்வை, படபடப்பு, பயம் எல்லாம் பீதித் தாக்கை அப்படியே ஒத்திருக்கும். அதற்கு மருந்து மூன்று தேக்கரண்டி சீனி கரைத்த தண்ணீர். தைராய்டு அதிகம் சுரப்பது, ரத்தசோகை, இதயத் துடிப்பின் ஒழுங்கு தவறுவது ஆகியவையும் இதே வேடத்தில் வரும். சளி மாத்திரையில் உள்ள சூடோஎஃபெட்ரின், ஆஸ்துமாவுக்கு உறிஞ்சும் சல்பூட்டமால், இரவு ஷிப்டுக்குக் குடிக்கும் ஊக்க பானம் ஆகியவற்றாலும் நெஞ்சு துள்ளும். ஒரு ரத்தப் பரிசோதனையும் ஓர் இசிஜியும் இவற்றில் பெரும்பாலானவற்றைப் பிரித்துக் காட்டிவிடும்.

ஒருமுறை ஒழுங்காகப் பரிசோதித்து இதயம் நன்றாக இருக்கிறது என்று தெரிந்த பிறகு, ஒவ்வொரு மாதமும் இசிஜி எடுக்க ஓடுவது வேறு கதை. அடுத்து வருவது அந்தக் கதைதான்.

தாக்கு நோயாக மாறும் இடம்

கடையில் பலரிடம் கேட்டதைச் சேர்த்து ஒருவராகச் சொல்கிறேன். லாரி ஓட்டுநர். ஈப்போவிலிருந்து பினாங்குக்குச் சரக்கு ஏற்றிப் போகிறவர். வடக்கு நோக்கிப் போகும் நெடுஞ்சாலையில் கோலகங்சாருக்கு முன் மெனோரா சுரங்கப்பாதை வரும். ஒரு கிலோமீட்டர்கூட இல்லை, ஒரு நிமிடத்தில் கடந்துவிடலாம். ஒருநாள் அதற்குள் வண்டிகள் ஊர்ந்து நின்றபோது அவருக்கு முதல் தாக்கு வந்தது. வெளியே வந்து ஓரம் கட்டினார், அடங்கியது. மருத்துவமனையில் ஒன்றுமில்லை என்றார்கள்.

அடுத்த வாரம் அவர் சுரங்கத்தைத் தவிர்த்து சிம்மோர், சுங்கை சிப்புட் வழியாகப் பழைய சாலையில் போனார். தாக்கு வரவில்லை. 'நல்லவேளை, சுற்றி வந்ததால் தப்பித்தேன்' என்று மனம் கணக்குப் போட்டது. சில வாரங்களில் நெடுஞ்சாலையே வேண்டாம் என்றானது, நடுவழியில் வந்தால் எங்கே நிறுத்துவது? பிறகு தனியாகப் போகப் பயம், மகனைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டார். தண்ணீர்ப் புட்டி, தைலம், நாக்குக்கு அடியில் வைக்க யாரோ கொடுத்த மாத்திரை, ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்ப்பது என்று ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. கடைசியில் லாரிச் சாவியை முதலாளியிடம் கொடுத்துவிட்டார். இதற்குள் அவருக்கு வந்த தாக்குகளை விரல் விட்டு எண்ணிவிடலாம். வாழ்க்கையைச் சுருக்கியது தாக்கு வருமோ என்ற பயம்தான்.

எதிர்பாராத தாக்குகள் மீண்டும் வந்து, அடுத்தது எப்போது என்ற கவலையோ இப்படி ஒதுங்கும் பழக்கமோ ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தால் அது பீதி நோய். ஒரே ஒரு தாக்கு வந்து போனவர் பீதி நோயாளி ஆகமாட்டார். அப்படி வந்து போனவர்கள் ஊரில் நிறையப் பேர் இருக்கிறார்கள், பலர் சொல்வதில்லை.

நாய்க்குத் திரும்புவோம். அது குரைக்கும்போதெல்லாம் வீட்டுக்காரர் தடியோடு வெளியே ஓடிவந்தால், பின்வாசல் வழியாகப் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு தப்பினால், நாய் என்ன கற்றுக்கொள்ளும்? 'சரியாகத்தான் குரைத்தேன்' என்று கற்றுக்கொள்ளும். நம் ஓட்டுநர் சுற்றி வந்த ஒவ்வொரு முறையும் அமிக்டலாவுக்கு அந்தப் பாடம்தான் போனது. "அங்கே போகாதே, உனக்கு ஆகாது" என்று அன்போடு தடுக்கும் குடும்பமும் தெரியாமல் அதே பாடத்தை நடத்துகிறது. இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்க முடியும் என்றால் இதை வையுங்கள்: தாக்கு உடம்பைக் கெடுப்பதில்லை, அதிலிருந்து ஓடுவதுதான் வாழ்க்கையைக் கெடுக்கிறது.

பேச்சும் பயிற்சியும்

பீதி நோய்க்கு நன்கு நிரூபிக்கப்பட்ட சிகிச்சை எண்ண–நடத்தைச் சிகிச்சை. 'சிபிடி' என்று கிளினிக்கில் சொல்வார்கள். தவறாகப் படிக்கும் எண்ணத்தையும் ஒதுங்கும் பழக்கத்தையும் பயிற்சியால் மாற்றுவது என்பது அதன் பொருள். ஆறுதல் பேச்சோ அறிவுரையோ கிடையாது. ஏறக்குறைய பள்ளிக்கூடம் மாதிரி: வாரம் ஒரு வகுப்பு, நடுவில் வீட்டுப்பாடம், சில மாதங்களில் முடியும்.

முதலில், மேலே எழுதியதுபோல உடம்பின் இயக்கத்தை விளக்குவார்கள். அடுத்துதான் கேட்பவரைத் திகைக்கவைக்கும் பகுதி. பயப்படும் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைக்கச் சொல்வார்கள். ஒரே இடத்தில் நின்று ஒரு நிமிடம் ஓடினால் நெஞ்சு படபடக்கும். சுழல் நாற்காலியில் சுற்றினால் தலை கிறுகிறுக்கும். மெல்லிய உறிஞ்சுகுழல் வழியே மூச்சு விட்டால் திணறும். வந்த உணர்வை எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அது ஏறும், நிற்கும், இறங்கும். பலமுறை பார்த்த பிறகு, படபடப்பு என்றால் படபடப்பு மட்டுமே என்று உடம்புக்கே விளங்கிவிடுகிறது. ஆஸ்துமா, வலிப்பு, இதய நோய் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் மருத்துவரைக் கேட்காமல் இவற்றைச் செய்யக் கூடாது.

பிறகு இடங்கள். ஓட்டுநரின் கதையில், மகன் காரை ஓட்ட இவர் பக்கத்தில் உட்கார்ந்து மெனோராவைக் கடப்பது முதல் படி. அதையே பலமுறை, சலித்துப்போகும் வரை. அடுத்து தானே காரை ஓட்டி, மகன் பக்கத்தில். பிறகு தனியாக. பிறகு தைலப் புட்டியை வீட்டில் வைத்துவிட்டு. லாரி கடைசியில். ஒவ்வொரு படியிலும் பயம் வரும், வந்தால்தான் பயிற்சி. குரைப்பைக் கேட்டும் வீட்டுக்காரர் திண்ணையில் உட்கார்ந்தே இருந்தால், நாய் ஒருநாள் தலையைக் காலுக்கு நடுவில் வைத்துப் படுத்துக்கொள்ளும்.

தாக்கு வந்துகொண்டிருக்கும்போது என்ன செய்வது? வண்டி ஓட்டினால் பாதுகாப்பாக ஓரம் கட்டுங்கள். மற்றபடி இருக்கும் இடத்திலேயே இருங்கள். 'இது பீதி, ஏறி இறங்கும்' என்று சொல்லிக்கொள்ளுங்கள். மூச்சை இழுத்து நிரப்ப வேண்டாம், மெதுவாக, இழுத்ததைவிட நீளமாக வெளியே விடுங்கள். மூச்சுப் பயிற்சி உதவும், ஆனால் அதையே தாயத்து மாதிரி பிடித்துக்கொண்டு 'இது இல்லாவிட்டால் செத்திருப்பேன்' என்று நினைத்தால் அதுவும் இன்னொரு தைலப் புட்டி ஆகிவிடும். பக்கத்தில் இருப்பவர் கூட்டம் சேர்க்காமல், உலுக்காமல், "நான் இங்கேதான் இருக்கிறேன், இது அடங்கிவிடும்" என்று சொன்னால் போதும். "ஒன்றுமில்லை, சும்மா இரு" என்பது உதவாது. அவருக்கு ஏதோ இருக்கிறது, அதனால்தான் நடுங்குகிறார்.

சம்சு என்னும் மலிவு சாராயமோ பீரோ குடித்தால் அன்றிரவு அடங்குவது போலத்தான் இருக்கும். போதை இறங்கும் விடியற்காலையில் பதற்றம் முன்பைவிட அதிகமாக எழும். இப்படித் தொடங்கிய குடிப்பழக்கங்கள் நம் தாமான்களில் (குடியிருப்புகளில்) எத்தனையோ.

மாத்திரைகள் பற்றி நேராகச் சொன்னால்

இரண்டு வகை மாத்திரைகளை மக்கள் குழப்பிக்கொள்கிறார்கள்.

முதல் வகை எஸ்.எஸ்.ஆர்.ஐ. மூளை நரம்புகளுக்கிடையே செய்தி கடத்தும் செரட்டோனின் அங்கே சற்று நேரம் தங்கும்படி செய்யும் மருந்துகள் இவை. செர்ட்ராலின், எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்செட்டின் எல்லாம் இதில் அடங்கும். இவற்றுக்குப் பொறுமை வேண்டும். பலன் தெரிய 2 முதல் 4 வாரம், முழுப் பலனுக்கு அதைவிட அதிகம். முதல் வாரங்களில் குமட்டலும் சிலருக்குக் கூடுதல் படபடப்பும் இருக்கும். பீதி உள்ளவருக்குச் சிறிய அளவில் தொடங்குவது அதனால்தான். பலர் மூன்றாம் நாளே 'ஒத்துக்கொள்ளவில்லை' என்று நிறுத்திவிட்டு வந்து நிற்பார்கள், எனக்கு ஆற்றாமையாக இருக்கும். குணம் தெரிந்த பிறகும் குறைந்தது அரை ஆண்டாவது தொடர வேண்டும், நிறுத்தும்போது மருத்துவர் சொல்படி படிப்படியாகக் குறைக்க வேண்டும். சட்டென்று விட்டால் தலை கிறுகிறுப்பும் எரிச்சலும் வரும். கஞ்சா, தூக்க மாத்திரை போல ஆளை அடிமையாக்கும் மருந்துகள் அல்ல இவை. 25 வயதுக்கு உட்பட்டவர்களுக்குத் தொடக்க வாரங்களில் தற்கொலை எண்ணம் தோன்றுகிறதா என்று வீட்டார் கவனித்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாம் வகை பென்சோடயசிபின்: அல்பிரசோலாம், டயசிபாம் போன்றவை. நரம்புகளின் வேகத்தை விரைவில் தணிப்பவை. இவைதான் அடிமைப்படுத்தக்கூடியவை. அன்றாடம் சில வாரங்கள் போட்டாலே உடம்பு அதை எதிர்பார்க்கத் தொடங்கும். தாக்கு பத்து நிமிடத்தில் உச்சத்தைத் தொட்டு இறங்கத் தொடங்கிவிடுகிறது, மாத்திரை வயிற்றில் கரைந்து வேலைசெய்ய ஏறக்குறைய அரை மணி ஆகிறது. பெரும்பாலும் அடங்கிய தாக்குக்கு மாத்திரை பெயர் வாங்குகிறது. பக்கத்து வீட்டுக்காரர் தரும் பாதி மாத்திரையை வாங்கிப் போடாதீர்கள். 1952 நச்சுப் பொருள் சட்டத்தின்படி இந்த இரண்டு வகையையும் மருத்துவர் சீட்டில்லாமல் நான் தர முடியாது, கோபித்துக்கொள்ளவும் வேண்டாம்.

சுருக்கமாக: மெதுவாக வேலைசெய்யும் மாத்திரை நோயைக் குறைக்கும், வேகமாக வேலைசெய்வது நேரத்தைக் கடத்தும். பயிற்சியும் முதல் வகை மாத்திரையும் தனித்தனியாகவும் பலன் தரும், சேர்ந்தும் தரும்.

எங்கே போவது

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஒரு கூடுதல் தடை உண்டு: தஞ்சோங் ரம்புத்தான். 1911-இல் திறக்கப்பட்ட உளூ கிந்தா பஹாகியா மனநல மருத்துவமனை அங்கே, எங்களுக்கு அருகிலேயே இருக்கிறது. 'தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்ப வேண்டியவன்' என்ற கேலியை நாடு முழுவதும் சொல்வார்கள், எங்களுக்கு அது பஸ்ஸில் போய்விடும் தூரம். மனநோய் என்ற சொல் காதில் விழுந்ததுமே அந்த வாசலை நினைத்து வாயை மூடிக்கொள்கிறார்கள். பீதி நோய்க்கு யாரும் அங்கே கொண்டுபோய்ப் படுக்கவைக்கப் போவதில்லை. பெரும்பாலோருக்கு அரசாங்கச் சுகாதாரக் கிளினிக்கிலேயே சிகிச்சை தொடங்கிவிடும். சளிக்கும் சர்க்கரைக்கும் போகும் அதே கிளினிக், குடிமக்களுக்கு அதே 1 ரிங்கிட். அங்கிருந்து நிபுணரிடம் அனுப்பினாலும் 5 ரிங்கிட்தான். பேச்சுச் சிகிச்சைக்குத்தான் காத்திருக்க வேண்டி வரும், தமிழ் பேசும் உளவியலாளர் கிடைப்பது இன்னும் அரிது. இந்தக் குறையை மறைப்பதில் பயனில்லை. காத்திருக்கும் காலத்தில் மாத்திரை தொடரலாம், மேலே சொன்ன படிப்படியான பயிற்சியைக் கிளினிக் மருத்துவரிடம் பேசித் தொடங்கலாம்.

பதற்றத்தோடு மனச்சோர்வும் சேர்ந்து வருவது சகஜம். வாழவே பிடிக்கவில்லை என்ற எண்ணம் எட்டிப்பார்த்தால் தேதி கிடைக்கும் வரை காத்திருக்காதீர்கள். சுகாதார அமைச்சின் 15555 என்ற எண்ணையோ, பிஃப்ரெண்டர்ஸ் அமைப்பின் 03-7627 2929 என்ற எண்ணையோ அழையுங்கள். உயிருக்கே ஆபத்து என்றால் 999.

கிளினிக்குக்குப் போகும்போது "காற்று அடைக்கிறது" என்று மட்டும் சொன்னால் வாயு மாத்திரையோடு திரும்பி வருவீர்கள். எப்போது தொடங்கியது, எத்தனை நிமிடம் இருந்தது, அந்த நேரத்தில் எதற்குப் பயந்தீர்கள், அதற்குப் பிறகு எங்கெல்லாம் போவதை நிறுத்தினீர்கள் என்று ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்விக்கான பதிலை மருத்துவர் கேட்க மறந்தாலும் நீங்களே சொல்லுங்கள். வீட்டிலுள்ள மருந்துகளையெல்லாம் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள், மூட்டு வலிக்குச் சந்தையில் வாங்கிய ஜாமு (மூலிகை மருந்து) பொட்டலத்தையும் சேர்த்து. அவற்றில் சிலவற்றில் களவாக ஸ்டீராய்டு கலந்திருக்கும். தூக்கத்தைக் கெடுத்துப் பதற்றத்தைக் கிளப்ப அதுவே போதும். நாள்பட்டுப் போட்டிருந்தால் நீங்களாகச் சட்டென்று நிறுத்தவும் கூடாது, எப்படிக் குறைப்பது என்று மருத்துவர் சொல்வார்.